கூடு கட்டிய சவுக்கை எப்போது வெட்டலாம்?

கேள்வி: தடா பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு 2 ஏக்கர் சவுக்குத் தோப்பு இருக்கிறது. நாலு வருஷ மரம். தை மாதம் வெட்டிக்கொள்ளச் சொல்லி வியாபாரியிடம் முன்பணமும் வாங்கிவிட்டோம். கார்த்திகை மழையில் ஏரி நிறைந்ததும் கரையோர மரங்களில் ஏகப்பட்ட கொக்கு கூடு கட்டிவிட்டது. வெட்டலாமா? பக்கத்து இறால் குட்டைக்காரர் வெடி போட்டு விரட்டச் சொல்கிறார்.

பதில்: வெட்டலாம், ஆனால் தையில் வேண்டாம். பங்குனி வரை தள்ளிப்போடுங்கள்.

முதலில் வெடி விஷயம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் வேட்டைதான். பட்டா நிலம் என்பதால் விலக்கு கிடையாது. வெடிச் சத்தத்தில் தாய்ப்பறவை எழுந்து போன இரண்டு நிமிஷத்தில் காக்கை வேலையை முடித்துவிடும். பறவை இறாலைத் தின்றுவிடும் என்ற குட்டைக்காரரின் கவலையும் நியாயமானதுதான்; குட்டைக்கு மேல் குறுக்கும் நெடுக்கும் கயிறு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, உங்கள் தோப்பில் இருப்பது என்ன பறவை என்று பாருங்கள். 'கொக்கு' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மடையான், உண்ணிக்கொக்கு, சின்னக்கொக்கு எல்லாம் அடக்கம். பொழுது சாயும்போது 'குவாக்' என்று ஒற்றைக் குரல் கொடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் பறந்தால் அது வக்கா (இராக்கொக்கு). இவை முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதம் பிடிக்கும். எல்லா ஜோடியும் ஒரே நாளில் தொடங்குவதில்லை என்பதால் தோப்பு காலியாக இன்னும் ஒரு மாதம் கூடும். பங்குனிக் கணக்கு அப்படி வந்ததுதான். மஞ்சள் மூக்கு நாரை இருந்தால் இன்னும் தாமதமாகும்.

மேலே ஏறிப் பார்க்காதீர்கள், கீழே சருகைப் பாருங்கள். வெளிர்நீல ஓடு கிடக்கும். நடுவில் சுற்றி வெட்டினாற்போல இரண்டு பாதியாக, உள்ளே சுத்தமாக இருந்தால் குஞ்சு பொரித்தாயிற்று. நொறுங்கி, மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் காக்கை தின்றது. புது எச்சமும் மீன் கவிச்சியும் இருக்கும்வரை கூட்டில் ஆள் உண்டு. விழுந்த குஞ்சைத் தூக்க வேண்டியிருந்தால் தலையைத் துண்டால் மூடிப் பிடியுங்கள். வக்காக் குஞ்சு கண்ணைத்தான் குறிவைக்கும்.

இனி அடுத்த நடவு. பறவை வந்தது சவுக்குக்காக அல்ல, தண்ணீருக்காக. உங்களுக்கு வடக்கே நேலப்பட்டில் (1976 முதல் சரணாலயம், சுமார் 459 ஹெக்டேர்) கூழைக்கடாக்கள் கூடு கட்டுவது ஏரித் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில். அடியில் தண்ணீர் நின்றால் நாயும் நரியும் நெருங்காது. சவுக்கு வெளியிலிருந்து வந்த மரம், அதன் சருகு மெத்தையில் வேறு செடி எளிதில் தலைதூக்காது. அதனால் அடியில் பூச்சியும் சின்னப் பறவையும் குறைவு. ஆனாலும் மரமில்லாத கடலோரத்தில் உயரமாக நிற்கிறதே, கொக்குக்கு அது போதும். சவுக்கைத் திட்டுகிறவர்களோடு நான் முழுக்கச் சேர மாட்டேன்.

பறவைக்காகக் கரையோரம் சில வரிசை மரங்களை ஒரு பட்டையாக வெட்டாமல் விட்டுவைக்கலாம். பலர் இரண்டு வரிசை மட்டும் விடுகிறார்கள், அது தப்பு. நெருக்கத்தில் ஒல்லியாக வளர்ந்த மரத்துக்குத் தனியே நிற்கத் தெரியாது, முதல் புயலிலேயே சாய்ந்துவிடும். எட்டு வரிசையாவது விடுங்கள். மீட்டருக்கு ஒன்று என்று நட்டிருந்தால் 2 ஏக்கரில் சுமார் 8,000 மரம். 90 மீட்டர் கரைக்கு எட்டு வரிசை என்றால் 720, பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பட்டையின் ஈரமான ஓரத்தில் நீர்க்கடம்பும், மேட்டில் புன்னையும் நாவலும் ஊன்றுங்கள். அவை எழும்பிய பிறகு அந்தச் சவுக்கையும் எடுத்துக்கொள்ளலாம்.

வியாபாரியிடம் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் மரம் இன்னும் கொஞ்சம் பருக்கும், எடைக்கு வாங்குகிறவருக்கு அதில் நஷ்டமில்லை. பங்குனியில் ரோட்டுப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கரைப் பக்கம் வருவதற்குள் கடைசிக் கூடும் காலியாகியிருக்கும்.