நாள் குழம்பினால் எதை விடுவது? வான்காரரிடம் சில கேள்விகள்

திருகோணமலைக்கு வரும் குடும்பங்களை வான் வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது என் தொழில். போட்ட திட்டம் குழம்பினால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்குப் பதில் இது.

யாழ்ப்பாணத்திலிருந்து விடிய வெளிக்கிட்டோம். காலையில் புறாமலைத் தீவு, மதியத்துக்கு முன் கோணேசர் கோயில், பின்னேரம் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்று திட்டம். வழியில் ரயர் வெடித்து, பத்தரை மணிக்குத்தான் ஹொரவப்பொத்தானை. மூன்றையும் பார்க்கலாமா அண்ணா?

ஏலாது. அதை வானில் இருக்கிற எல்லோருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது, எதற்காக வந்தீர்கள்? அம்மாவுக்குக் கோணேசருக்கு நேர்த்தி இருந்தால் இன்றைய நாள் அதற்குத்தான். ஆனால் அதற்காக இப்போது வானைப் பறக்க விட வேண்டாம். மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள், வேர்க்க விறுவிறுக்கச் சுவாமிமலை ஏறிப் பூட்டின கதவைத்தான் கும்பிடுவீர்கள். பின்னேரம் திறக்கும்போது போங்கள்.

கன்னியா நீங்கள் வருகிற அனுராதபுர வீதிப் பக்கம், நகரத்துக்கு முன்பே வருகிறது. ஆகவே அதை முதலில் முடியுங்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளி ஊற்றுவதுதான், நீந்துகிற இடமில்லை. அதனால் அதிக நேரம் பிடிக்காது. பிறகு சாப்பாடு, கொஞ்சம் நித்திரை, பின்னேரப் பூசை.

புறாமலையை விடுங்கள். போட் வெளிக்கிடுகிற நிலாவெளி, நகரத்துக்கு வடக்கே தள்ளி இருக்கிறது. ரிக்கெட் எடுத்து, போட் பிடித்து, தண்ணீருக்குள் முருகைக்கற்களையும் (பவளப்பாறை) மீனையும் ஆறுதலாகப் பார்த்து வர அரை நாள் வேண்டும். அவசரமாகப் போய் வந்தால் காசுதான் கரையும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: போட்காரருக்கு இப்போதே அழைத்துச் சொல்லிவிடுங்கள். அவர் வேறு ஆட்களை ஏற்றிக்கொள்வார், நாளைக்கு நீங்கள் கேட்டாலும் முகம் கொடுப்பார்.

டிசம்பர் லீவுக்கு வந்தோம். கடல் கொந்தளிப்பு, போட் போகாது என்கிறார்கள். பிள்ளைகள் அழுகிறார்கள். கூடக் காசு கொடுத்தால் யாராவது கொண்டுபோவார்களா?

கொண்டுபோகிற ஒருவர் கிடைக்கக்கூடும். அவருடைய போட்டில்தான் ஏறக்கூடாது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கக் கடல் அப்படித்தான். புறாமலைக்கு நல்ல காலம் மே முதல் செப்டெம்பர் வரை.

சின்னப் பிள்ளைகளுக்குத் தீவு முக்கியமில்லை, ஏதாவது ஓடித் திரிய வேண்டும். பிரட்றிக் கோட்டைக்குள் கூட்டிப்போங்கள். புள்ளிமான்கள் வீதியோரத்திலேயே நிற்கும், வாழைப்பழத் தோலைக் கண்டால் கிட்டவும் வரும். பொலித்தீன் பையை மட்டும் கையில் ஆட்ட வேண்டாம், அதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். மழை விட்டால் இராவணன் வெட்டில் நின்று கீழே கடலைக் காட்டலாம். கொந்தளிக்கிற கடலை மேலே நின்று பார்ப்பது தனி அழகு என்பது என் கட்சி.

சுற்றுலா இல்லை நானா, வீட்டுப் பிரச்சினை. கிண்ணியாவிலிருந்து உம்மாவை ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிவந்து, அப்படியே வங்கி, பிரதேச செயலகம், மகளுக்குச் சப்பாத்து என்று நினைத்தேன். பஸ் பிந்திவிட்டது.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்பு, படகுக்காகத் துறையடியில் காத்திருந்த காலத்தில் இத்தனை வேலையை ஒரே நாளில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம். கிளினிக்தான் முதல். நம்பர் கொடுத்து முடிந்துவிட்டால் அடுத்த தவணைவரை உம்மாவுக்கு மருந்து இல்லை. நகரத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால், கிளினிக் கொப்பியின் படத்தைப் போனில் அனுப்பி, முன்னே போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

உம்மா வரிசையில் இருக்கும்போது பக்கத்தில் துணை இருந்தால் நீங்கள் வங்கிக்கு ஓடி வரலாம். துணை இல்லையென்றால் வங்கி நாளைக்கு. செயலகத்துக்குப் போகுமுன் உரிய அலுவலர் இருக்கிறாரா என்று அழைத்துக் கேளுங்கள், வெளிவேலைக்குப் போயிருந்தால் அலைச்சல் மிச்சம். சப்பாத்துக்கடை இரவுவரை திறந்திருக்கும். ஆனால் களைத்துப்போன உம்மாவைக் கடை கடையாக இழுக்க வேண்டாம். மகள் ஒரு கிழமை பொறுப்பாள்.

எப்படியும் குழம்பும் என்றால் திட்டம் எதற்கு?

திட்டம் இருந்தால்தானே எதைத் தூக்கி எறிகிறோம் என்று தெரியும்.

இரவு ரெயினில் கொழும்பு திரும்புகிறோம். பின்னேரம் நிலாவெளியில் குளித்துவிட்டு வரலாம் என்று இவர் பிடிவாதம். ஏற்கெனவே எல்லாம் இரண்டு மணி நேரம் பிந்தி ஓடுகிறது.

ரெயினிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஸ்டேசனுக்கு அரை மணி முன்னே, நிலாவெளியிலிருந்து வர ஒரு மணி, குளித்து உடுப்பு மாற்ற இன்னொன்று. அது இடிக்குமென்றால் உப்புவெளியில் இறக்கிவிடுங்கள், நகரத்துக்குக் கிட்ட, அதே கடல்தான். அப்புறம், ரெயின் ரிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஈர உடுப்புப் பையின் அடியில் வைத்துவிட வேண்டாம்.