நாலு வட்டியும் ஐம்பது குதிரைவீரர்களும்

கேள்வி: ஐயா, நான் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். தேர்தலின்போது தம் வேலையை விட்டுவிட்டு எனக்காகத் தெருத்தெருவாக அலைந்த முப்பது ஆண்டு நண்பர், இப்போது எங்கள் வார்டில் கழிவுநீர்க் கால்வாய்ப் பணியை எடுத்திருக்கிறார். கான்கிரீட்டின் கனம் குறைவாக இருப்பது பார்த்தாலே தெரிகிறது. “நீ எதுவும் செய்ய வேண்டாம், கூட்டத்தில் பேசாமல் இரு, போதும்” என்கிறார். நன்றி மறந்தவன் என்ற பெயரும் எனக்கு வேண்டாம். நட்பைப் பற்றி எழுதிய ரோமானியர் சிசரோ இதற்கு என்ன சொல்வார்?
– பெயரும் ஊரும் வேண்டாம் என்று எழுதிய வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: கி.மு. 44இல் சிசரோ எழுதிய ‘நட்பைப் பற்றி’ என்ற சிறு நூலில் லேலியஸ் என்ற பெரியவர் நட்பின் முதல் சட்டமாக ஒன்றைச் சொல்கிறார்: இழிவானதை நண்பனிடம் கேட்காதே, அவன் கேட்டால் செய்யாதே. உங்கள் கேள்விக்கு நேர் விடை இதுதான். ஆனால், எழுதி வைப்பது எளிது என்பதால், அந்த நூலுக்கு ஆறேழு ஆண்டுகளுக்கு முன் சிசரோவே உங்கள் நாற்காலியில் உட்கார நேர்ந்த கதையைச் சொல்கிறேன்.

கி.மு. 51இல் அவர் சிலிசியா மாகாணத்தின் ஆளுநரானார். சைப்ரஸ் தீவும் அவருடைய ஆட்சிக்குள் இருந்தது. அங்கே சலாமிஸ் நகரத்தாருக்கு ரோமானியர் சிலர் கடன் கொடுத்திருந்தார்கள். ரோமானியர்களும் நம் ஊரைப் போலவே மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்றுதான் வட்டியைக் கணக்கிட்டார்கள். தம் மாகாணத்தில் ஒரு வட்டிக்கு மேல் கூடாது என்று சிசரோ ஆணையிட்டிருக்க, இந்தப் பத்திரத்திலோ நாலு வட்டி, அதாவது ஆண்டுக்கு 48 விழுக்காடு. வசூல் முகவர் ஸ்காப்டியஸ் முந்தைய ஆளுநரிடம் குதிரைப்படை வாங்கிக்கொண்டு நகர மன்றத்தினரை அவர்கள் மன்றக் கட்டடத்துக்குள்ளேயே அடைத்து முற்றுகையிட்டதில், ஐந்து உறுப்பினர்கள் பட்டினியால் இறந்துபோனார்கள். வார்டு உறுப்பினரான நீங்கள் இந்த இடத்தைச் சற்று நின்று படிக்கலாம்.

சிசரோ அந்தக் குதிரைவீரர்களைத் தீவிலிருந்து வெளியேற்றினார். பிறகுதான் உண்மையில் கடன் கொடுத்தவர் தம் நண்பர் புரூட்டஸ் என்று அவருக்குத் தெரியவந்தது. பின்னாளில் சீசரைக் குத்தியவர்களில் ஒருவராக நாம் பள்ளிப் பாடத்தில் படித்த அதே புரூட்டஸ். அதோடு, சிசரோவின் உயிர்த்தோழர் அட்டிகஸ், ஸ்காப்டியஸுக்கு ஐம்பது குதிரைவீரர்களையாவது கொடுக்கக் கூடாதா என்று கடிதம் எழுதினார். அடிமைகளின் கிளர்ச்சியை ஸ்பார்டகஸ் தொடங்கியபோது அவனிடம் ஐம்பது பேர்கூட இல்லை என்று பதில் எழுதிய சிசரோ கடைசிவரை கொடுக்கவில்லை. புரூட்டஸ் கோபித்துக்கொண்டால் வருந்துவேன், ஆனால் நான் நினைத்த மனிதர் அவர் இல்லை என்றால் அதைவிட அதிகமாக வருந்துவேன் என்றும் எழுதினார். ‘நட்பைப் பற்றி’ நூலை அவர் யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? ஐம்பது குதிரைவீரர்களைக் கேட்ட அதே அட்டிகஸுக்குத்தான். மறுத்ததால் அந்த நட்பு முறிந்துவிடவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இத்துடன் நிறுத்தினால் சிசரோவுக்கு மாலை போட்டதாக ஆகிவிடும். ஒரு வட்டிக் கணக்கில் கடன் 106 டாலந்து (அக்காலத்தில் பெருந்தொகைகளைச் சொல்லும் பண அளவு) என்று வந்தது. ஸ்காப்டியஸ் கேட்டதோ 200. சலாமிஸ்காரர்கள் சரியான தொகையைக் கோயிலில் வைப்பாகச் செலுத்தி வட்டி ஏறுவதை நிறுத்த விரும்பினார்கள். ஸ்காப்டியஸ் ‘இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்’ என்று கேட்டுக்கொள்ள, சிசரோ தீர்ப்பு எழுதாமல் விவகாரத்தை அடுத்து வரும் ஆளுநர் தலையில் கட்டிவிட்டுப் புறப்பட்டார். குதிரைப்படையைக் கொடுக்காத மனிதர் மௌனத்தைக் கொடுத்துவிட்டார், அதன் பலன் முழுவதும் புரூட்டஸ் பக்கமே போயிற்று என்பது என் கணிப்பு. உங்கள் நண்பர் கேட்பதும் அதே பொருள்தான். அது செலவில்லாதது போலத் தோன்றுகிறது, அவ்வளவே.

அப்படியானால் நண்பருக்கு எதுவுமே செய்யக் கூடாதா? ‘கடமைகள் பற்றி’ என்ற நூலில் சிசரோ இதற்கு ஓர் எல்லைக்கோடு போடுகிறார். நீதிபதியின் இடத்தில் அமர்ந்தவன் நண்பன் என்ற வேடத்தைக் கழற்றிவிட வேண்டும். என்றாலும் நண்பனின் வழக்கு நியாயமானதாக இருக்கட்டும் என்று விரும்பலாம், சட்டம் இடம் தரும் அளவுக்கு அவனுக்கு வசதியான நாளை ஒதுக்கித் தரலாம். உங்கள் கால்வாய்க்கு இதைப் பொருத்திப் பார்த்தால், பொறியாளர் வந்து எம் புக் என்ற அளவுப் பதிவேட்டில் எழுதுவதற்கு முன்பே நீங்கள் நண்பரை அழைத்துக்கொண்டு கால்வாயோரம் நடந்து, கனம் குறைந்த இடங்களை அவருக்கே காட்டி, உடைத்துச் சரியாகப் போடச் சொல்லலாம். சரியாகப் போட்டு முடித்தபின் பில் தொகை காரணமில்லாமல் தேங்கி நின்றால் அதைக் கூட்டத்தில் கேட்டும் வாங்கித் தரலாம். உடைத்துச் சரிசெய்ய அவர் மறுத்தால் கூட்டத்தில் பேசுங்கள். ‘மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்று வள்ளுவர் சொன்ன இடம் இதுதான், இங்கே இடிக்க வேண்டியது கான்கிரீட்டையும் சேர்த்து.

கேள்வி: நட்பாராய்தல் அதிகாரத்தை நடத்தும்போதெல்லாம் ரோமானியர் செனகாவின் நினைவு வருகிறது. யவனர் கப்பலில் மிளகோடு குறளும் போயிருக்குமோ?
– தமிழாசிரியை, காட்பாடி

பதில்: மிளகு போனதற்கும் பொன் வந்ததற்கும் சான்று உண்டு, குறள் போனதற்கு இல்லை, அம்மா. ஒற்றுமை மட்டும் வியப்பானது. லூசிலியஸ் என்பவர் செனகாவுக்கு ஒருவரிடம் கடிதம் கொடுத்தனுப்பி, கொண்டுவருபவரை நண்பர் என்று குறிப்பிட்டுவிட்டு, அவரிடம் என் விஷயம் எல்லாவற்றையும் பேசிவிடாதீர்கள் என்றும் எழுதியிருந்தார். ஒரே கடிதத்தில் நண்பர் என்றும் சொல்லி, இல்லை என்றும் சொல்லிவிட்டாயே என்று கேலி செய்த செனகா, நட்புக்கு முன் ஆராய வேண்டும், நட்புக்குப் பின் நம்ப வேண்டும் என்றார். ‘நாடாது நட்டலிற் கேடில்லை’ என்பதன் பக்கத்திலேயே இதை வைக்கலாம். ஆனால் ‘நட்டபின் வீடில்லை’ என்று வள்ளுவர் அங்கே கதவைச் சாத்துகிறார். சிசரோ கொஞ்சம் திறந்து வைக்கிறார்: விட்டே ஆகவேண்டிய நட்பைத் துணியைக் கிழிப்பதுபோல் கிழிக்காமல் தையலைப் பிரிப்பதுபோல் பிரிக்க வேண்டும் என்ற ரோமானிய அரசியல்வாதி கேட்டோவின் வாக்கை எடுத்துக்காட்டுகிறார்.

கேள்வி: மண்டியில் வெங்காயம் விற்கிறேன். நாளை நாலு லாரி வருகிறது, விலை இறங்கும் என்று எனக்குத் தெரியும். இன்று மூட்டை எடுக்க வரும் சில்லறைக் கடைக்காரரிடம் இதைச் சொல்லாமல் விற்பது தப்பா?
– வணிகர், வேலூர்

பதில்: உங்கள் கேள்வி இரண்டாயிரம் ஆண்டு பழையது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாண்டிரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் பல கப்பல்கள் வருவதை வழியில் பார்த்திருக்கிறான். சொல்ல வேண்டுமா? ‘கடமைகள் பற்றி’யில் சிசரோ இதை ஸ்டோயிக் என்ற கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த இரண்டு அறிஞர்களின் வாதமாக வைக்கிறார். சரக்கில் உள்ள குறையைச் சட்டப்படி சொன்னால் போதும், மறைப்பது வேறு பேசாமல் இருப்பது வேறு என்கிறார் டயோஜெனிஸ். மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவப் பிறந்திருக்கையில் அவர்களுக்கு ஆகவேண்டிய செய்தியை எப்படி மறைப்பாய் என்கிறார் அவருடைய மாணவர் ஆண்டிபேட்டர். சிசரோவின் தீர்ப்பு மாணவர் பக்கம்: தன் லாபத்துக்காக, தெரிந்துகொள்ள வேண்டியவரை அறியாமையிலேயே வைத்திருப்பது மறைப்பதுதான்.

எனக்கு இதில் ஒரு சிறு தயக்கம் உண்டு. விடியற்காலையில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது போய் நின்றால், யார் லோடு எங்கே வருகிறது என்பது டீக்கடையிலேயே பாதி தெரிந்துவிடுகிறது. பழகிய கடைக்காரருக்கு அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கவும் கூடும். தெரியாமல் வருபவர் முதல் தடவையாக வருகிறவரோ, வட்டிக்கு வாங்கிய பணத்தோடு வருகிறவரோதான். அவரிடம், இன்றைக்கு இரண்டு மூட்டை போதும், மீதியை நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். ரோட்ஸ் வணிகன் கடைசியில் என்ன விலைக்கு விற்றான் என்று சிசரோ எழுதவில்லை. வாதத்துக்காக எடுத்துக்கொண்ட ஆள்தானே அவன்.