சாலை சைக்கிள் மட்டுமே ஓட்டிப் பழகிய ஒருவர், காட்டு வழியும் மலைப்பாதையும் கலந்த கிராவல் (சரளைப் பாதை) சைக்கிள் நிகழ்வுக்கு எப்படித் தயாராவது?

முதலில் டயர் காற்றைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

என் முதல் கிராவல் நிகழ்வுக்கு, தார்ச்சாலைப் பழக்கத்தில் 40 மி.மீ. அகல டயரில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு கல்லுக்கும் சைக்கிள் துள்ளியது. இரண்டு மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிட்டன. ஏற்றத்தில் பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றது. உடன் வந்த ஒருவர் என் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பாதிக் காற்றை விடுங்க" என்றார். விட்டேன். அதற்குப் பிறகு அதே சரளையில் சைக்கிள் ஒட்டிக்கொண்டு ஓடியது.

70 கிலோ எடை உள்ளவர் 40 முதல் 45 மி.மீ. டியூப்லெஸ் டயரில் 30 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். பின்னால் இரண்டு பிஎஸ்ஐ கூடுதல். கல்லில் ரிம் இடிக்கும் சத்தம் கேட்டால் கொஞ்சம் ஏற்றுங்கள். டியூப் போட்ட டயரில் இவ்வளவு குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியும். டியூப்லெஸ்ஸுக்கு மாறச் சொல்வது அதனால்தான். சின்ன ஓட்டையை உள்ளே ஊற்றியிருக்கும் சீலன்ட் என்ற திரவம் அடைத்துவிடும், பெரியதற்கு பிளக் என்ற ரப்பர் அடைப்பு. பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்தால் இரண்டாலும் ஆகாது. அப்போது உள்ளே ஒட்டுத் துண்டு வைத்து டியூப் போட்டுத்தான் வர வேண்டும். ஆகவே ஒரு டியூப் எப்போதும் பையில் இருக்கட்டும்.

அமெரிக்காவின் கான்சஸில் நடக்கும் அன்பவுண்ட் கிராவலில் இந்தக் கிழிசல்தான் பெரிய பயம். அங்கே ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதிப் பாதைகளில் கிடப்பது சிக்கிமுக்கிக் கல், ஆதி மனிதன் கத்தி செய்த அதே வகை. 2006இல் 34 பேரோடு தொடங்கிய நிகழ்வு அது. இன்று அதன் முதன்மைப் பிரிவு 200 மைல், கிட்டத்தட்ட 320 கி.மீ. 2023இல் அங்கே தொடக்கத்திலேயே களிமண் சேறு வந்து, பலருடைய கியர் மாற்றி முறிந்தது. ஒட்டும் சேற்றைக் கண்டதும் இறங்கி, ஓரப் புல்லில் தள்ளுங்கள் அல்லது தோளில் தூக்குங்கள். சக்கரம் சிக்கிய பிறகும் அழுத்தி மிதித்தால்தான் முறிகிறது. சேறு வழிக்க ஒரு தட்டைக் குச்சி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். தார்ச்சாலையில் 100 கி.மீ. நான்கு மணி நேரம் என்றால், ஏற்ற இறக்கம் மிகுந்த சரளையில் அது ஆறு, ஏழு மணி நேரம்கூட ஆகலாம். தண்ணீர், சாப்பாடு, வழிகாட்டும் கருவியின் சார்ஜ் எல்லாம் மணிக்கணக்கில்தான் தீரும். சாப்பாட்டில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போகட்டும். கியரில், மிதி பக்கத்துப் பல்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் பற்கள் அதிகமாக இருக்கும் ஒரு இணை கட்டாயம் வேண்டும்: முன்னால் 31 பல், பின்னால் 34 பல் என்பதுபோல. செங்குத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தபடியே, உடம்பை முன்னால் சாய்த்து மிதிக்க வேண்டும்.

இறக்கம்தான் நான் மிகவும் கவலைப்படும் இடம். பெரும்பாலான நிகழ்வுகளில் சாலையை மூடுவதில்லை; காட்டுப் பாதை வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி வரலாம். அதனால் கண்ணுக்குத் தெரியாத வளைவில் உங்கள் பக்கத்தை விட்டு விலகவே கூடாது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிடுங்கள். உள்ளே போனபின் முன்பிரேக்கை அழுத்தினால் உதிரிச் சரளையில் முன்சக்கரம் வாரிவிடும். முழங்கையும் முழங்காலும் தளர்ந்திருக்க, பார்வை சக்கரத்தடியில் இல்லாமல் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் போகட்டும். முன்னே போகிறவர் கிளப்பும் தூசியில் கல் தெரியாது. இடைவெளி விடுங்கள், அவர் வேகமானவராக இருந்தாலும் சரி.

முடிந்தால் முதல் நிகழ்வாக, சில பகுதிகளுக்கு மட்டும் நேரம் கணக்கிடும் வகையைத் தேர்ந்தெடுங்கள். 2015இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கிரைண்டுரோ அப்படித்தான்: நான்கு பகுதிகளில் மட்டும் போட்டி, மீதி வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டலாம். தள்ளாடும் புதியவருக்கு அனுபவசாலிகள் வழியிலேயே சொல்லித் தருவது அங்கேதான் அதிகம் நடக்கும்.

நிகழ்வுக்கு இரண்டு வாரம் முன்பு, அன்றைக்கு எடுத்துப் போகும் முழுச் சுமையோடும் கரடுமுரடான பாதையில் நான்கு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எந்தத் தண்ணீர் பாட்டில் எகிறி விழுகிறது, எந்தப் பை தொடையில் உரசுகிறது, எந்தத் திருகு தளர்கிறது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.