சிறைத்துறைக்குத் தலைமை ஏற்பவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுப் பையன் உதவி ஜெயிலராகத் தேர்வாகி வேலூரில் பயிற்சியில் இருக்கிறான். சிறைத்துறையின் தலைமைப் பதவிக்கு எப்போதும் போலீஸிலிருந்தே ஆள் வருகிறார்கள் என்று குறைப்படுகிறான். கண்டிப்பான போலீஸ் அதிகாரி இருந்தால் போதாதா? வேறென்ன திறமை வேண்டும்?

மு., திருச்சி

அன்புள்ள மு.,

பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறைத்துறைக்கென்று அகில இந்திய அளவில் தனிப் பணித்தொகுதி வேண்டும் என்று சிறைச் சீர்திருத்தத்துக்காக அமைக்கப்பட்ட முல்லா கமிட்டி 1983இல் கொடுத்த அறிக்கையிலேயே சொன்னது. இன்னும் வரவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் ஐபிஎஸ் அதிகாரிகள்தான் தலைமை.

கண்டிப்பு வேண்டியதுதான். அதைவிட முக்கியம், உள்ளே நடப்பது தன் காதுக்கு வந்துசேர வழி செய்துகொள்வது. ஐபிஎஸ் அதிகாரி கிரண் பேடி 1993இல் டெல்லி திகார் சிறைகளின் ஐஜியாக, அதாவது தலைமை அதிகாரியாகப் போனபோது, சுமார் 2,500 பேருக்கான இடத்தில் 8,000க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் விசாரணைக் கைதிகள், அதாவது வழக்கில் இன்னும் தீர்ப்பு வராதவர்கள். 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் உட்கார்ந்த விபாசனா தியான முகாம்தான் பலருக்கும் நினைவிருக்கிறது. என்னைக் கேட்டால், அவர் சுற்றவிட்ட மனுப் பெட்டி அதைவிடப் பெரிய காரியம். பூட்டிய பெட்டியை வார்டு வார்டாக எடுத்துப் போவார்கள். கைதி எழுதிப் போடுவது நேராக ஐஜி அலுவலகத்துக்குப் போய்விடும்.

இதில் என்ன பெரிசு என்று தோன்றலாம். சிறைக்குள் போர்வை, டாக்டர், வீட்டு ஆட்கள் பார்க்க வருவது எல்லாமே வார்டர் என்கிற சிறைக் காவலர் கையில். அந்த வார்டர் மேலேயே புகார் என்றால், அவர் வழியாகத்தானே மனு மேலே போக வேண்டும்? பெரிய அதிகாரி ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் முந்தின நாளே சுண்ணாம்பு அடித்து, யார் என்ன பேச வேண்டும் என்றும் சொல்லிவைத்துவிட முடியும். அவர் பார்ப்பது அதைத்தான்.

அதற்காக வார்டரை எதிரியாக்கிவிடவும் கூடாது. ஆள் பற்றாக்குறை, கிடைக்காத லீவு, தொடர்ந்து இரவுப் பணி என்று அவருக்கும் குறை உண்டு. அதைக் கேட்காத தலைமை கொண்டுவரும் எந்தத் திட்டத்தையும் கீழே இருப்பவர்கள் சத்தமில்லாமல் படுக்கவைத்துவிடுவார்கள். பேடியே இரண்டு வருஷத்தில் மாற்றப்பட்டார். ஆள் போன பிறகும் ஒரு வேலை ஓட வேண்டுமென்றால் அது வார்டர் மனசு வைத்தால்தான் ஆகும்.

அப்புறம், சட்டம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவுப்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் கோர்ட் அவரை ஜாமீனில் விட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. கோர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். வக்கீல் வைக்க வழியில்லாதவனுக்கு அந்த ஒரு காகிதம்தான் வெளியே வரும் வழி. மாதாமாதம் ஒவ்வொரு சிறையிலிருந்தும் இப்படி வெளியே வரத் தகுதியானவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஏன் இந்தப் பெயர் இன்னும் போகவில்லை என்று கேட்கிறவரைத்தான் நல்ல தலைமை என்பேன். பையனையும் அந்தப் பிரிவைப் பயிற்சியிலேயே நன்றாகப் படித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.