வண்டி கேள்விகள்: மலையில் அலறும் எஞ்சின்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டென்வரில் வேலை பார்க்கிறான். போன வருஷம் 2008 மாடல் மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடு போல இருக்கும் வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினான். ஃபோர்டு சேஸிஸ், 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் எஞ்சின், 362 குதிரைத்திறன். எடை 10 டன்னாம். கேலனுக்கு ஏழரை மைல்தான் தருகிறது. மே மாதம் நாங்கள் போயிருந்தபோது ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் மலைச்சாலையில் எஞ்சின் அலறியது, பேசினால் காதில் விழவில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவும் இல்லை. எஞ்சினில் கோளாறா? டீசல் வண்டியாக மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா?
- வாசகி, அம்பத்தூர்

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எஞ்சின் நன்றாகவே இருக்கிறது.

அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஏழரை மைல் என்பது 12 கிலோமீட்டர். ஆக, லிட்டருக்கு 3.2 கிலோமீட்டர். இந்த அளவு பெட்ரோல் மோட்டார் ஹோம்கள் கேலனுக்கு 6 முதல் 10 மைல் வரைதான் தரும். உங்கள் மகனின் வண்டி அதற்குள்தான் இருக்கிறது.

வி10 என்றதும் "பத்து சிலிண்டர், அதனால்தான் குடிக்கிறது" என்று எல்லோரும் சொல்வார்கள். புதுப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த முப்பது வருஷமும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். சமவெளியில் பெட்ரோலைத் தின்பது காற்று. அந்த வண்டியின் முகத்தை நினைத்துப் பாருங்கள், நம் ஆம்னி பஸ் போல நிமிர்ந்த சுவர். வேகம் கூடக் கூட காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 55 மைலிலிருந்து 65 மைலுக்குப் போனால், அதாவது 88 கிலோமீட்டரிலிருந்து 105க்குப் போனால், எதிர்ப்பு 40 சதவீதம் கூடிவிடும். சின்ன எஞ்சினைப் பூட்டினாலும் அதே சுவரைத்தான் தள்ள வேண்டும். ஒரு டேங்க் முழுக்க மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதே பெட்ரோல் பங்க்கில், அதே பம்பில் நிரப்பிக் கணக்குப் போடட்டும். வண்டியின் மீட்டர் காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம்.

இப்போது மலை. டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தச் சுரங்கம் 3,400 மீட்டரில். நம் ஊட்டியே 2,240தான்! 10 டன்னை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் சுமார் 20 லிட்டர் பெட்ரோல் ஆகும். இன்னொன்று, மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். சுரங்கத்தின் வாசலில் அந்த 362 குதிரைகளில் 250 அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கும். அந்த ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் என்பது நியாயமான வேகம்.

சத்தம் ஏன் அப்படி? பெட்ரோல் மோட்டார் ஹோமில் எஞ்சின் முன்னால், டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. பழைய பல்லவன் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் பானெட் மேல் பையை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த இரைச்சலும் சூடும் ஞாபகம் இருக்கும். இந்த எஞ்சினுக்கு முழு இழுவை நிமிடத்துக்கு 3,250 சுற்றில் வரும், முழு சக்தி 4,750 சுற்றில். மலையில் கியர் தானாகக் குறைந்து 4,000 சுற்றுக்கு மேல் ஓடினால் அது அலறல் இல்லை, அதன் வேலை.

சுற்றுக்குப் பயந்து ஒருமுறை நான் தப்பு செய்தேன். 1987ல் ஒரு பெட்ரோல் அம்பாசிடரில் ஏற்காடு போனேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரிய கியரிலேயே வளைவு வளைவாக இழுத்தேன். எஞ்சின் உள்ளே சுத்தியல் தட்டுவது போல நாக்கிங் அடித்துக்கொண்டே வந்தது. ஊருக்குத் திரும்பிப் பிரித்துப் பார்த்தால் ஒரு பிஸ்டனின் தலை அரித்திருந்தது. அந்த பிஸ்டனை ரொம்ப நாள் பட்டறை ஜன்னலில் வைத்திருந்தேன், கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்குக் காட்ட.

ஏற்றத்தைவிட எனக்குக் கவலை இறக்கம்தான் அம்மா. "ஏறின கியரிலேயே இறங்கு" என்று நம் லாரிக்காரர்கள் சொல்வது அமெரிக்காவிலும் செல்லும். கியர் நெம்புகோலில் டோ ஹால் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கியர் தானே குறைந்து எஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் சத்தம் வரும், வரட்டும். பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு 10 டன்னை இறக்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். அவனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் நின்றால், எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் இருக்கும் மேனிஃபோல்டின் போல்ட் முறிந்து புகை கசியலாம். இந்த வகை எஞ்சினில் அது வருவதுண்டு.

டீசலா? மலையில் டர்போ டீசல் நன்றாக இழுக்கும், உண்மை. ஆனால் வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டினால் இப்போது 2,500 லிட்டர் பெட்ரோல். டீசல் வண்டி லிட்டருக்கு அரை கிலோமீட்டர் கூடத் தந்தாலும் மிச்சம் 340 லிட்டர்தான். வண்டி விலையில் இருக்கும் வித்தியாசத்தை அது எத்தனை வருஷத்தில் கட்டும்? இந்த வண்டியையே வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: எங்கள் டூரிஸ்ட் வேனின் கூரை கேரியரைக் கழற்றினால் மைலேஜ் கூடுமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: ஊருக்குள் பெரிதாகத் தெரியாது. திருப்பதி, பெங்களூரு என்று நெடுஞ்சாலையில் ஓட்டினால் தெரியும், காற்றுதான் காரணம். மூட்டை இல்லாத நாளில் கழற்றி வையுங்கள். அப்படியே டயர் காற்றையும் பாருங்கள், வண்டி சூடாவதற்கு முன், காலையில்.