ஸ்பிண்டில் ஓடினால் யூஎஸ்பி துண்டிக்கிறது: ஹப் வாங்கலாமா, ஐசோலேட்டர் வாங்கலாமா?

கேள்வி: மரவேலைக்குச் சின்ன சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் மெஷின்) வைத்திருக்கிறேன். அர்டுயினோ ஊனோ போர்டில், மெஷினை நகர்த்தும் ஜிஆர்பிஎல் மென்பொருள் ஓடுகிறது. லேப்டாப்பிலிருந்து நேராக யூஎஸ்பி கேபிள். ஸ்பிண்டிலை (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) ஆன் செய்தால் அடிக்கடி இணைப்பு போய், வேலை பாதியில் நிற்கிறது. பவர்டு ஹப் போட்டால் லேப்டாப்புக்கும் பாதுகாப்பு என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: ஹப் வேண்டாம். அதற்குத் தனி அடாப்டர் இருந்தாலும், லேப்டாப்பின் கிரவுண்டும் மெஷினின் கிரவுண்டும் அதன் வழியே ஒட்டியேதான் இருக்கும். லேப்டாப் மூன்று பின் சார்ஜர் வழியாக எர்த்தைத் தொடுகிறது. பல மெஷின்களில் 24 வோல்ட் சப்ளையின் மைனஸும் எர்த்தில்தான் சேர்ந்திருக்கும். நடுவில் யூஎஸ்பி கேபிள் அந்த வளையத்தை மூடிவிடுகிறது. ஸ்பிண்டில் மோட்டாரின் இரைச்சல் அதில் புகுந்து டேட்டாவைக் கெடுக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஒரு வேலையை ஓட்டிப் பாருங்கள். தொல்லை குறைந்தால் காரணம் இதுதான். இதற்காக எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

இன்னொரு பயமும் உண்டு. 24 வோல்ட் வயர் ஒன்று கழன்று போர்டின் 5 வோல்ட் பின்னில் பட்டால், அது கேபிள் வழியே லேப்டாப் வரை போய்விடும். ஊனோவில் உள்ள 500 மில்லிஆம்பியர் ஃபியூஸ் கரண்ட் கூடினால்தான் தடுக்கும், வோல்டேஜை அல்ல.

ஆகவே யூஎஸ்பி ஐசோலேட்டர் வாங்குங்கள். இரண்டு பக்கத்தையும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் பிரித்து, டேட்டாவைக் கடத்தும் சின்னக் கருவி அது. ஏடியூஎம்3160 சிப் போட்டவை எளிதாகக் கிடைக்கும். வேகம் 12 எம்பிபிஎஸ்தான், ஊனோவுக்குத் தாராளம். 480 எம்பிபிஎஸ் கேட்கும் கேமரா, லாஜிக் அனலைசருக்கு இது உதவாது. வேகத்துக்கு ஸ்விட்ச் இருந்தால் ‘ஃபுல்’ பக்கம் வையுங்கள். மலிவு மாடல்களின் உள்ளே இருக்கும் ஒரு வாட் கன்வெர்ட்டர் சுமார் 200 மில்லிஆம்பியர்தான் தரும். போர்டுக்கு அது போதும், சர்வோவை அதில் மாட்டாதீர்கள்.

வாங்கியதும் எதிலும் இணைக்காமல் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, இரண்டு பக்கத்து யூஎஸ்பி சாக்கெட்டின் உலோகக் கூட்டையும் தொடுங்கள். பிறகு இரண்டு பக்கத்து கிரவுண்ட் பின்களையும் பாருங்கள். எங்கே பீப் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ஆன்லைனில் வாங்குவதானால் ரிட்டர்ன் வசதி உள்ளதையே எடுங்கள்.

கேள்வி: வாஷிங் மெஷின் போர்டின் சீரியல் பின்னில் யூஎஸ்பி கன்வெர்ட்டர் மாட்டி லேப்டாப்பில் பார்க்க, இதே ஐசோலேட்டர் போதுமா?

பதில்: மெயின்ஸ் இணைப்பில் இருக்கும்போது கூடாது. இத்தகைய போர்டுகள் பலவற்றில் 5 வோல்ட் லைனே 230 வோல்ட் சப்ளையோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்கும். தரம் தெரியாத மலிவு ஐசோலேட்டரை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் இறங்கியதை மீட்டரில் பார்த்துவிட்டு, பெஞ்ச் சப்ளையிலிருந்து (வோல்டேஜை மாற்றி வைக்கக்கூடிய மேசை சப்ளை) அந்தப் போர்டு கேட்கும் குறைந்த வோல்டேஜை மட்டும் கொடுத்துச் சோதியுங்கள்.