பனிக்காலத்தில் கணவனும் மனைவியுமாக ட்ரக் ஓட்டுவது: கேள்வி பதில்

நானும் என் கணவரும் ரொறன்ரோவிலிருந்து மேற்கே வன்கூவர் வரை, சில நேரம் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும், ஒரே ட்ரக்கில் மாறி மாறி ஓட்டுகிறோம். குளிர்காலம் நெருங்கினால் எங்கள் ஆட்களிடமிருந்து கேள்விகள் கூடிவிடும். ஒரே மாதிரிக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்கா, நானும் மனைவியும் ட்ரெய்லர் ட்ரக் ஓட்டும் ஏ.இசட். லைசன்ஸ் எடுத்துவிட்டோம். டீமாக ஓட்டினால் வண்டி நிற்கவே தேவையில்லை என்கிறார்களே, நேரத்தை எப்படிப் பிரிப்பது? (பிராம்ப்டன்)

முதலில் சட்டம், தம்பி. கனடாவில் ஒருவர் ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. மற்ற வேலைகளையும் சேர்த்தால் 14. பத்து மணி நேரம் ஓய்வு கட்டாயம். டீமுக்கு ஒரு வசதி உண்டு: ஸ்லீப்பரில், அதாவது சீட்டுக்குப் பின்னாலுள்ள படுக்கையில், படுக்கும் நேரத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் நான்கு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, இரண்டும் சேர்ந்து குறைந்தது எட்டு மணி நேரம் இருக்க வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து ஓட்டிய நேரத்தைத் தானே பதியும் எலக்ட்ரானிக் லாக்கை முழுதாகச் சோதிக்கிறார்கள். பழைய நோட்டுப் புத்தக வித்தைகள் இனி நடக்காது.

பலர் பன்னிரண்டு, பன்னிரண்டு மணியாக ஓட்டுவார்கள். கோடையில் அது சரி. பனியில் எங்களுக்கு ஒத்துவரவில்லை. முகத்துக்கு நேரே பறந்து வரும் பனியை ஹெட்லைட்டில் பார்த்துக்கொண்டே ஓட்டினால் ஐந்தாறு மணி நேரத்தில் கண் சோர்ந்துவிடும், அப்போதே மாறிவிடுகிறோம். இவருக்கு விடியற்காலையில் தூக்கம் தள்ளும், எனக்குப் பின்னேரம்தான் கண் சொருகும். அதனால் நடுச்சாமத்துக்குப் பிறகு ஸ்டீயரிங் என்னிடம். யாருக்கு எந்த நேரம் ஆகாது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு வண்டியேறுங்கள்.

இன்னொன்று. ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். டீம் என்றால் மூன்று நாளுக்குள் போய்விடும் என்று டிஸ்பாட்ச் (லோடு அனுப்பும் ஆபீஸ்) கணக்குப் போடும். அது ஜூலை மாதத்துக் கணக்கு.

ஓடுகிற வண்டியில் உண்மையிலேயே தூக்கம் வருமா? நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. (மொன்றியல்)

வரும் தங்கச்சி, ஆனால் உடனே வராது. முதல் சில மாதம் அரைத் தூக்கம்தான். வண்டி ஓடும்போது கீழ்க் கட்டிலில் மட்டும் படுங்கள், அதிலுள்ள பாதுகாப்பு வலையை மாட்டாமல் படுக்காதீர்கள். பலர் அதைச் சுருட்டி மூலையில் வைத்திருப்பார்கள். ஐஸில் ஒரு பிரேக் போதும், தூங்குகிறவர் கண்ணாடிக்குப் பறந்துவிடுவார்.

தூக்கம் மெத்தையில் இல்லை, ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. நிலத்தடி நீர் உறைந்து ரோட்டைத் தூக்கிவிட்டிருக்கும் இடங்களில் வேகத்தைக் குறைத்துத் தாண்டுகிறாரா, பிரேக்கை மெதுவாக மிதிக்கிறாரா என்பதெல்லாம் உள்ளே படுத்திருப்பவருக்கு முதுகில் தெரியும். அதனால்தான் எங்கள் வண்டியில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். இரண்டு பேரில் யார் ‘நிறுத்துவோம்’ என்றாலும் வண்டி நிற்கும். ஸ்லீப்பரில் படுத்திருப்பவர் சொன்னாலும் அப்படித்தான். ஏன் என்று கேட்கக்கூடாது, அடுத்த நாள் அதைச் சொல்லிக் காட்டவும் கூடாது. பனிக்கால டீம் ஓட்டத்தில் மற்ற எதையும் பழகிக்கொள்ளலாம். இதற்கு ஒத்துக்கொள்ளாத ஆளோடு, அது கட்டின புருஷனாக இருந்தாலும், நான் வண்டியேற மாட்டேன்.

ரொக்கி மலைதானே மிக ஆபத்தான இடம்? (ஸ்காபரோ)

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஒன்ராறியோவின் வடக்கு.

சூ சென் மேரியிலிருந்து தண்டர் பே வரை, சுப்பீரியர் ஏரியைச் சுற்றி, 17ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 700 கிலோமீட்டர். பெரும்பகுதி ஒரு பக்கத்துக்கு ஒரே வழி, நடுவில் தடுப்புக் கிடையாது. ஏரியின் ஈரக்காற்று கரையில் ஏறிப் பனியாகக் கொட்டும். சூவில் வானம் வெளித்திருக்கும், வாவாவுக்குப் போவதற்குள் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு தெரியாது. இடையில் மொன்றியல் ரிவர் ஏற்றம் இருக்கிறது. பாரம் போதாத ட்ரெய்லரோடு, வேகத்தை விட்டுவிட்டு அதில் ஏறப் பார்த்தால் டயர் சுழன்று நடுவழியில் நின்றுவிடும். ஒரு ட்ரக் குறுக்கே நின்றால் பின்னால் வருகிற எல்லோருக்கும் அன்றைய பொழுது அங்கேதான். எதிரில் வருகிற ட்ரக் கிளப்பிவிடும் பனிப்புழுதியில் சில வினாடி எதுவுமே தெரியாது. கூடவே மூஸ் என்கிற பெரிய மான். கறுத்த உடம்பு, உயரத்தால் அதன் கண் ஹெட்லைட்டில் மின்னவும் மின்னாது.

இந்தப் பாதைக்கு மாற்று, கொக்ரேன், ஹேர்ஸ்ட் வழியாகப் போகும் 11ஆம் நெடுஞ்சாலை. மேடு பள்ளம் குறைவு, குளிர் கூட. ஆனால் இரண்டும் நிப்பிகனில் சேர்ந்து ஒரே பாலத்தைத் தாண்டுகின்றன. திறந்து சில வாரங்களே ஆன அந்தப் பாலத்தின் தளம் 2016 ஜனவரியில் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டது. கனடாவுக்குள்ளேயே கிழக்கிலிருந்து மேற்கே போக வேறு ரோடு இல்லை. அமெரிக்காவுக்குள் இறங்கிச் சுற்ற வேண்டியிருந்தது.

ரொக்கியைத் தாண்டி ரோஜர்ஸ் பாஸ் என்ற கணவாயில் ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. பனிச்சரிவு வரும்போல இருந்தால் ரோட்டை மூடிவிட்டு, கனடா ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் மலையில் சுட்டு, பனியைத் தாங்களே இறக்கிவிடுவார்கள். முதல் முறை கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இவர் மட்டும், ‘இந்த ஆமி எங்களுக்காகச் சுடுது’ என்று சிரித்தார். ஓரிரண்டு மணி நேரத்தில் ரோடு திறந்துவிடும்.

டீசல் உறையும் என்பது உண்மையா? (யாழ்ப்பாணம்)

தண்ணீர் மாதிரிக் கட்டியாகாது. டீசலில் உள்ள மெழுகு குளிரில் பிரிந்து, ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் இருமி நிற்கும். கனடாவில் குளிர்காலத்தில் விற்பது அதற்கென்றே கலந்த டீசல், அதனால் இங்கேயே ஓடுகிறவர்களுக்குப் பயம் குறைவு. மாட்டிக்கொள்வது டெக்சாஸ் பக்கம் டாங்க் நிரப்பிக்கொண்டு டகோட்டா வழியாக வின்னிபெக் வருகிறவர்கள்தான். வழியிலேயே வடக்கத்தி டீசல் கலக்க வேண்டும், உறைதடுப்பு மருந்தைக் குளிர் வருவதற்கு முன்னாலேயே ஊற்ற வேண்டும். மெழுகு கட்டிய பிறகு ஊற்றிப் பயனில்லை. டாங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். புகையைச் சுத்தமாக்க ஊற்றும் டெஃப் என்கிற யூரியாக் கரைசல் மைனஸ் 11இலேயே உறையும், அதற்குப் பதற வேண்டாம். எஞ்சின் சூடேறினால் அந்த டாங்க்கும் இளகிவிடும்.

டீசலைவிட அதிகம் பேரை நிறுத்தி வைப்பது பிரேக். காற்றுக் குழாயில் ஈரம் இருந்தால் உறைந்து அடைக்கும், ஆகவே ஏர் டாங்க்கைத் தினமும் திறந்து விடுங்கள். ஈரமான பனியில் ஓடிவிட்டு அப்படியே பார்க் செய்தால் பிரேக் கட்டை டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நிறுத்துவதற்கு முன் பிரேக்கை மெதுவாகப் பல தடவை பிடித்துச் சூடாக்கிக் காயவிட வேண்டும். ஒட்டிவிட்டால் சுத்தியலால் டிரம்மில் தட்டுவதுதான் வழி. சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், அது அடுத்த நிமிடமே ஐஸ்.

ரோட்டில் ஐஸ் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? (கல்கரி)

ரோடு நனைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் முன்னால் போகிற வண்டியின் டயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது தண்ணீர் இல்லை. கண்ணாடிச் சட்டத்திலும் ஆன்டெனாவிலும் ஐஸ் படிந்தாலும் அதே கதை. க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம், எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் ஜேக் பிரேக் வேண்டாம். காலியான ட்ரெய்லரோடு அல்பேர்ட்டாவின் தெற்கில் காற்றடிக்கும் நாளில் போகவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? (மார்க்கம்)

சின்ன ரைஸ் குக்கர், 12 வோல்ட்டில் சூடாகும் லஞ்ச்பாக்ஸ் அடுப்பு, ஒரு குட்டி ஃபிரிட்ஜ். வீட்டில் பருப்பு, மீன்குழம்பு, ஆட்டிறைச்சிக் கறி எல்லாம் சின்னப் பெட்டிகளில் உறையவைத்துக் கொண்டுவருவேன். மனிடோபாவுக்குள் போனதும் வெளிப்பக்கப் பெட்டியே ஃப்ரீசர். சோடா டின்னை மட்டும் அதில் வைக்காதீர்கள், வெடித்துவிடும். கேஸ் அடுப்பை வண்டிக்குள் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைட் அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

எல்லை தாண்டுவதானால் சாப்பாட்டையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கக்காரர் விடமாட்டார். தோடை, எலுமிச்சையைக் கெடுக்கும் பூச்சி அதில் வருமாம். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தை உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை உறைந்தால் அதைப் போடக்கூடாது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பாத்ரூம்? (அஜாக்ஸ்)

கூச்சப்படாதீர்கள், எல்லாப் பெண்களும் கேட்கிறதுதான். பெரிய ட்ரக் ஸ்டாப்பில் டீசல் அடித்தால் ஷவர் இலவசம், அறை சுத்தமாகவும் பூட்டுப் போட்டும் இருக்கும். சிக்கல் ஒன்ராறியோவின் வடக்கில்தான், அங்கே குளிர்காலத்தில் பல ரெஸ்ட் ஏரியாக்களைப் பூட்டி வைத்திருப்பார்கள். ஆகவே வண்டியிலேயே மூடியுள்ள கையடக்கக் கழிப்பறை ஒன்று வைத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு போவதை மட்டும் செய்யாதீர்கள். மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியதைக் கூடுதலாகவே வையுங்கள், ரோடு மூடினால் கடை கிடையாது.

இருபத்துநாலு மணி நேரமும் ஒன்றாக இருந்தால் சண்டை வராதா? (ஸ்காபரோ)

வரும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்குவதால் நாங்கள் பேசுவதே ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான். வீட்டில் இருந்தபோதுதான் அதிகம் சண்டை பிடித்தோம்.

மைனஸ் 40இல் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? (சென்னை)

வண்டியை விட்டு இறங்கி நடக்க மாட்டோம், அதுதான் முதல் விதி. எஞ்சின் நின்றாலும் தனியாக எரியும் டீசல் ஹீட்டர் இருக்கிறது. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டால் மணிக்கு மூன்று லிட்டர் போகும், இதற்குக் கால் லிட்டர்கூட வேண்டாம். பாட்டரி இருக்கும்வரை அது ஓடும். அதுவும் போனால் மைனஸ் 30 தாங்கும் ஸ்லீப்பிங் பேக் ஆளுக்கு ஒன்று, மெழுகுதிரி, பிஸ்கட், மண்வாரி. ஏரிக்கரையில் பல மணி நேரம் போன் சிக்னல் வராது, ஆகவே சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும் வைத்திருக்கிறோம். வீட்டில் அம்மா இருக்கிறார், பிள்ளைகள் அவரோடு. ‘நின்றுவிட்டோம், சுகம்’ என்று ஒரு வரி போனால்தான் அங்கே விளக்கணைப்பார்கள்.

கம்பெனி எங்களைச் சொந்தமாக ஒரு கம்பெனி பதிந்து இன்கார்பரேட் பண்ணச் சொல்கிறது. கையில் கூடக் காசு வருமாம். நல்லதா? (மிசிசாகா)

ட்ரக் அவர்களுடையது, லோடு அவர்களுடையது, நீங்கள் ஓட்ட மட்டும்தான் என்றால் நல்லதில்லை. ‘டிரைவர் இன்க்’ என்று இதைச் சொல்வார்கள். பிடித்தம் இல்லாமல் வரும் காசு பெரிதாகத் தெரியும். ஆனால் அவர்கள் பக்கத்து சிபிபி (ஓய்வூதியப்) பங்கு கிடையாது, வேலை போனால் இ.ஐ. (வேலையிழப்புக் காப்பீடு) கிடையாது, விடுமுறைச் சம்பளம் கிடையாது. வரித் திணைக்களம் இப்படிப்பட்ட கம்பெனிக்குச் சிறுதொழில் வரிச்சலுகையும் தருவதில்லை. பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிற தம்பதி என்றால் இன்னும் யோசியுங்கள், பேறுகாலப் பணமும் இ.ஐ.யிலிருந்துதான் வருகிறது. ஒரு கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேளுங்கள், டிஸ்பாட்சரிடம் கேட்காதீர்கள்.

பனியில் டயருக்குச் செயின் கட்ட ஆம்பிளைப் பலம் வேண்டாமா? (பிராம்ப்டன்)

பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கனரக வண்டிகள் செயின் வைத்திருக்க வேண்டும், ரோட்டோரப் பலகையில் விளக்கு எரிந்தால் கட்டியே ஆக வேண்டும். பாரம்தான். ஆனால் அது தூக்குகிற வேலையை விட விரிக்கிற வேலை: முறுக்கில்லாமல் தரையில் விரித்து, டயர்மேல் போட்டு, உள்கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிக்கொக்கி. கொஞ்ச தூரம் ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். இதை மறந்தால் அறுந்த செயின் மட்கார்டையும் காற்றுக் குழாயையும் சேர்த்துப் பிய்க்கும். வீட்டு வாசலில், வெயில் நாளில், இரண்டு பேரும் தனித்தனியாகக் கட்டிப் பழகுங்கள். கொகிஹாலா மலைப்பாதையில் இரவு இரண்டு மணிக்குத் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு முதல் தடவையாகப் படிக்கிற பாடம் இல்லை அது. கையுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள், முதல் சோடி நனைந்துவிடும். இவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். முதலில் முடித்தவர் தேத்தண்ணி போட வேண்டும்.